மடியில் ஏறிய கேமரா

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில், நின்றுகொண்டிருந்த ஒரு தம்பதி தங்கள் பையை என் மடியில் வைத்தார்கள். அதன் பிறகுதான் அவர், "புது டிஜிட்டல் கேமரா உள்ள கீது" என்று மனைவியிடம் சொன்னார். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

"நம்ம பழைய லென்ஸ் இதுல சேருமா?"

"மாட்டிக்கும். ஆனா தானா போகஸ் ஆவாது, கையால திருப்பணும். அவசரத்துல என் கண்ணுக்குப் புடிபடல. நாளைக்கு நாம போட்டோ எடுக்கப் போற கல்யாணத்துல தாலி கட்றது கலங்கலா வுழுந்துட்டா?"

"காலைலயே பொண்ணு குந்துற எடத்துல நான் குந்திக்கிறேன். நிதானமா திருப்பிப் பாரு. தெளிவா தெரியற எடத்துல லென்ஸ திருப்புற வளையத்து மேல என் ஸ்டிக்கர் பொட்ட ஒட்டிக்கய்யா."

"உன்ன மறுபடியும் மணவறைல குந்த வெக்கணுமா?"

"நம்ம கல்யாண போட்டோல நான் கலங்கலாத்தான கீறேன். இந்த வாட்டியாவது தெளிவா வுழறேன்."

என் நிறுத்தம் தாண்டிப் போயிற்று. அசைந்தால் கேமராவுக்கு ஆகாது என்று உட்கார்ந்தே இருந்தேன்.