அந்தோணியாருக்குச் சாட்சி

— செவ்வாக்கிழம செபக் கூட்டத்துல ரெண்டே வார்த்த. 'எம்பேரு டென்னிஸு, அந்தோணியாரு எங் குடிய நிப்பாட்டுனாரு'ன்னு சொல்லிட்டு எறங்கிருங்க. வெள்ளச் சட்டைய தேச்சு வச்சிருக்கேன்.

— நான் மேடை ஏறல, பிரெசில்லா. வேற ஆளப் பாக்கச் சொல்லு.

— வேற ஆளுக்கு எங்க போறது? இந்தத் தங்கச்சிமடத்துல ஒங்கள மாதிரி குடிச்சவுகளும் இல்ல, ஒங்கள மாதிரி விட்டவுகளும் இல்ல. போன திருநாளுக்குக் கொடிமரத்தடியில விழுந்து கெடந்தீக. இந்தத் திருநாளுக்குச் சப்பரம் தூக்குனீக. ஊரே பாத்துச்சுல்ல.

— என்னைய ராமநாதபுரத்துக்குக் கூட்டிட்டுப் போ புள்ள. மனநல டாக்டர்ட்ட.

— அது குடிக்கிறவுக போற எடம். குடிய விட்டவுகளுக்கு அங்க என்ன சோலி?

— தூக்கம் வரல. கண்ண மூடுனா சீட்டாத் தெரியுது. பாலத்துல போனா, கீழ தண்ணியவே பாக்கச் சொல்லுது மனசு.

— அப்படிப் பேசாதீக. எல்லாம் அந்த ரம்மியாலதான். விடிய விடிய செல்போன நோண்டுனா தூக்கம் எங்கிட்டு வரும்? இருந்தாலும் குடிக்கு அது தேவல.

— தேவலன்னே இரு. நம்ம வல்லத்து எஞ்சின ரிப்பேருக்கு விட்டிருக்குன்னு சொன்னேன்ல, அது ரிப்பேருக்குப் போகல.

— பின்ன?

— வித்துட்டேன். அதையும் ரம்மியிலதான் விட்டேன்.

— மாதாவே.

— என்னைய நல்லா வையி, புள்ள.

— வஞ்சா எஞ்சின் வந்துருமா? நம்ம வீட்டுச் சோறே அதுலதான இருந்துச்சு, பாவி மனுசா.

— தெரியும்.

— சரி. போனது போச்சு. நீங்க விசைப்படகுல கூலிக்குப் போங்க. நான் கருவாடு காயப் போடப் போறேன். இம்புட்டு நட்டத்துலயும் ஒரு சொட்டு தொடல பாருங்க நீங்க. பழைய ஆளா இருந்தா இந்நேரம் கடை வாசல்ல கெடந்திருப்பீக. அது அந்தோணியாரு செஞ்சதுதான? எல்லாம் போயும் அது ஒண்ணாச்சும் நமக்கு நெசமா இருக்குல்ல? அத மட்டும் சொல்லிட்டு வாங்க. மறுநாளே டாக்டர்ட்ட நான் கூட்டிட்டுப் போறேன்.

— அதத்தான் சொல்ல முடியல, பிரெசில்லா. குடிச்சுட்டு ஒக்காந்தா சீட்ட மாத்தி எறக்கித் தோத்துக்கிட்டே இருந்தேன். புத்தி தெளிவா இருந்தா செயிச்சுரலாம்னுதான் குடிய விட்டேன்.