இடியோபதிக்

பேராதனையிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், புருஷனின் கிளினிக் கொப்பியைப் பக்கத்திலிருந்த கெம்பஸ் மாணவியிடம் நீட்டினாள்.

“அவருக்கு வருத்தம் வந்தது என்னாலதான்னு இதுல போட்டிருக்கா, பாருங்க.”

மாணவியின் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு.

“‘இடியோபதிக்’ எண்டு கிடக்கு அக்கா. கிரேக்கத்திலயிருந்து வந்த சொல். ‘இடியோஸ்’ எண்டால் தனக்கேயுரியது, ‘பாத்தோஸ்’ எண்டால் வருத்தம், நோய். என்னத்தால வந்ததெண்டு டொக்டர்மாருக்கே தெரியாது எண்டுதான் கருத்து.”

“என் ராசின்னு மாமியா சொல்றாங்க. அவர் வெளிய போறப்ப நான் எதுக்க வரக்கூடாதாம்.”

“அப்பிடி ஒண்டும் இதில இல்லை.”

அந்தப் பெண் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

“அதத் தமிழ்ல எழுதித் தாங்க. டாக்டர் மாதிரி கிறுக்காம, மாமியா கண்ணுக்குத் தெரியிற மாதிரி பெரிசா எழுதுங்க.”