பருந்துக்குக் கண் போன கதை

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. இருபத்தாறு வருஷமாக அந்த மருந்துக் கடையில் நிற்கிறேன்; ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. மருந்துச் சீட்டைத் தலைகீழாக நீட்டிவிட்டு, "சீக்கிரம் குடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடமும் சிரித்துத்தான் பேசுவேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகிறது. முறையாகப் படித்தவள், முப்பது வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை எட்டி நின்றே படித்துவிடுவாள். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று பார்க்காமலே கையை நீட்டுவாள். முதலாளி அவளுக்குப் 'பருந்து' என்று பேர் வைத்தார். "பருந்தைக் கூப்பிடுங்க, அது சரியா எடுத்துக் குடுக்கும்" என்று வாடிக்கையாளர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு நாள் மதியம் நான் எடுத்து வைத்த மாத்திரை அட்டையை, அது வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் அவள் மாற்றி வைத்தாள். பேர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகள். எனக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்த சமயம். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டாள்.

சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

அடுத்த வாரம் தொடங்கினேன். கெடுதலாக எதுவும் செய்யவில்லை, வெறும் விசாரிப்புதான்.

"என்னம்மா, சரியாத் தூங்கலையா?"

"நல்லாத்தான் சார் தூங்கினேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. காலைல ஒரு சின்னத் தப்பு நடந்துச்சு. நான் பாத்து மாத்திட்டேன். முதலாளிகிட்ட சொல்லல, நீ பயப்படாத."

"எந்தச் சீட்டு சார்?"

"போனது போகட்டும், விடும்மா."

அப்படி ஒரு தவறு நடக்கவேயில்லை. எந்தச் சீட்டு என்று சொல்லியிருந்தால் சரிபார்த்திருப்பாள். சொல்லாததால் அன்றைக்கு வந்த அத்தனை சீட்டுகளையும் மனதுக்குள் புரட்டிக்கொண்டே நின்றாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்தாள்.

வாரத்துக்கு ஒன்று போதும், அதற்கு மேல் போனால் சந்தேகம் வரும். நடுநடுவே ஓர் அட்டையை ஒரு தட்டு தள்ளி வைப்பேன். அவள் எழுதி ஒட்டிய குறிப்பைக் கிழித்துவிட்டு, "எழுதணும்னு நினைச்சிருப்பே, எழுதியிருக்க மாட்டே" என்பேன். நாலு பேர் நடுவில் பாராட்டவும் செய்வேன்: "இப்ப எவ்வளவோ தேவலை, தப்பு குறைஞ்சிடுச்சு." வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அந்த மாதிரி.

ஆறேழு மாதத்தில் அவள் ஒவ்வொரு சீட்டையும் எடுத்த மருந்தோடு என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தாள். "சார், ஒரு தடவை பாத்துடுங்களேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். எல்லாம் சரியாகவே இருக்கும். சில நாள் தலையாட்டுவேன். சில நாள் ஒரு பெருமூச்சு விட்டு, அட்டையை உள்ளே எடுத்துப் போய், அதே அட்டையைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். அவள் "நன்றி சார்" என்பாள்.

அவளுடைய கணவர் ஒருமுறை கடைக்கு வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், வீட்ல பால் பொங்கினாக்கூட அடுப்பை அணைக்கட்டுமான்னு என்னைக் கேக்குறா. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊத்த பயப்படுறா. இங்க ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக்கான கடிதம் வந்தது. என்னிடம்தான் காட்டினாள். "தாராளமாப் போம்மா" என்றேன். "ஆனா அங்க உன் கூடவே நின்னு பாத்துக்க ஆள் இருக்காது." அவள் போகவில்லை. நான் தடுக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தையல்காரர் விஷயம். எதிர்வரிசையில் கடை வைத்திருந்தவர். மூட்டுவலிக்குச் சீட்டு கொண்டுவந்தார். நீங்கள் காட்டிய காமிராப் படத்தில் கவுண்டரில் நிற்பது நான்தான். அவள் அப்போது உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். மூட்டுவலி மாத்திரைக்குப் பதிலாக, பேர் கிட்டத்தட்ட அதேபோல் இருக்கும் சர்க்கரை குறைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போட மறந்தேன். சர்க்கரை நோய் இல்லாத மனிதர், வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார். நான்காம் நாள் தையல் மிஷின் மேலேயே சாய்ந்தவர் பிறகு கண் விழிக்கவில்லை.

அவருடைய மனைவி வெற்று அட்டையும் சீட்டுமாக வந்து நின்றார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், நான்தானே குடுத்தேன்?"

"இப்ப அதைப் பத்தி யோசிக்காதம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை அவளே சொல்லிக்கொண்டாள். அன்று காலை மயக்கமாக இருந்ததாக, பேரைத் தப்பாகப் படித்ததாக, அவரிடம் பொட்டலத்தை நீட்டியது நினைவிருப்பதாக எல்லாம் அவள் கைப்படவே எழுதினாள். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். அதைத்தான் நீங்கள் வாக்குமூலம் என்று வைத்திருக்கிறீர்கள்.

அந்த மனிதர் செத்தது என் கையால். அவள் ஜெயிலில் இருப்பதும் என்னால். இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். முதலாவது கைத்தவறு, ஐயா. இரண்டாவது அப்படியில்லை.

நேற்று எங்களை எதிரெதிரே உட்காரவைத்து, இதையெல்லாம் அவளிடமே சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். முதல் நாள் பொய்யிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். காமிராப் படத்தையும் அவள் முன்னால் வைத்தீர்கள். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "அந்த அட்டையை மாத்தி அடுக்கினது நானாத்தான் சார் இருக்கும். நீங்க எடுத்துக் குடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்றாள். பிறகு உங்களைப் பார்த்து, "இவர் எப்பவும் இப்படித்தான். என் தப்பைத் தன் தலையில போட்டுக்குவார்" என்றாள்.

என் கண் கலங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். நடிப்பு என்று குறித்துக்கொண்டிருப்பீர்கள். நடிப்பு இல்லை, ஐயா. என்னை இவ்வளவு நல்லவன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, என் மனைவிகூட. நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் என் பக்கத்திலேயே இரண்டரை வருஷம் நின்றவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.