வியோலாவின் முதல் கதிரை

இல்லைத் தம்பி, முதல்ல அந்த லட்டுப் பெட்டியை அங்கால வையுங்கோ. நான் தொடமாட்டன். தொட்டா பிறகு உங்கட அலுவலைச் செய்து தரவேணுமெல்லே. உங்கட மகள் அட்சயா ஃபுளூட் நல்லா வாசிப்பா, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஆளைப் பிடிச்சு உள்ளுக்க விடுற இடமில்லை இது. உங்களுக்கு ஆர் சொன்னது? கோயிலிலயோ? ஓமோம், முழு ஸ்காபரோவும் உதைத்தான் கதைக்குது. சண்முகலிங்கம் சிம்பனியில பெரிய ஆள், மகளை உள்ளுக்க எடுத்துவிட்டிட்டார் எண்டு. பெரிய ஆளாம். நான் இஞ்ச கதிரை அடுக்கிறன் தம்பி. எழுபது கதிரை. மேடை கூட்டுறன், கட்டிடத்தைச் சூடாக்கிற பொயிலரைப் பாக்கிறன். இந்தா, இந்த நிலவறைதான் என்ர ஒபிஸ்.

எழும்பாதையுங்கோ, இருங்கோ. மூண்டு மணிக்கு என்னை மேல கூப்பிடுவினம். அதுவரைக்கும் தனிய இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும். என்னத்துக்கோ? என்ர கஜனியின்ர கதிரையைப் பற்றித்தான். மேல கொமிற்றியில மூண்டு பேர் இருந்து கதைக்கினம். போன வருசம் தை மாதம் ஒடிசனில, வாசிச்சுக் காட்டுற போட்டியில, வெண்டு வியோலாவுக்குப் பிரின்சிப்பலா, முதல் கதிரைக்கு வந்தவள். வியோலா எண்டால் வயலின்ர தமக்கை மாதிரி, கொஞ்சம் பெரிசு, குரலும் கொஞ்சம் தடிப்பு. ஒரு வருசம் வைச்சுப் பாத்துத்தான் நிரந்தரமாக்கிறது. இண்டைக்கு அந்த முடிவு. அதுக்குள்ள தோத்த பெட்டை ஒண்டு, ஒட்டாவாக்காரி, லோயரை வைச்சுக் கடிதம் போட்டிருக்கு. ஒடிசனண்டு தாங்கள் காத்திருந்த கீழ் அறையில ஹீற் இல்லையாம், கை விறைச்சுப் போச்சாம், வெண்டவளின்ர தகப்பன்தான் ஹீற்றுக்குப் பொறுப்பாம். கொமிற்றி அதை நம்பினா கதிரை போச்சு, திருப்பி ஒடிசன். என்னட்டக் கேக்கப்போறது ஒரே ஒரு கேள்வி. பொயிலர் பழுதோ, இல்லை ஆரும் நிப்பாட்டினதோ?

அதை விடுங்கோ. அதுக்கு இன்னும் இருவது நிமிசம் கிடக்கு. நீங்கள் ரூஜில புது வீடு வாங்கி, பிள்ளைக்கு ஃபுளூட்டும் வாங்கிக் குடுத்து, பிரின்சிப்பல் ஆக்கப்போறன் எண்டு நிக்கிறியள். அது என்ன உத்தியோகம் எண்டு தெரியுமோ? சொல்லுறன் கேளுங்கோ. ஏழு வருசமா நான் உவையின்ர கதிரைக்குக் கீழ கூட்டுறன். உவையைப் பற்றி என்னைவிட ஒருத்தருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முன்னுக்கு ஒராள் இருக்கும், அதைத்தான் பிரின்சிப்பல் எண்டுறது. சொல்லக்கேக்க வாய் நிறையும். ஆனா இது ரவுணுக்குள்ள இருக்கிற பெரிய சிம்பனி இல்லைக் கண்டியளோ, சின்னன். வருசத்துக்கு எட்டுக் கொன்சேர்ட். எட்டு நாள் ராசா, மிச்ச நாளெல்லாம் எங்களைமாதிரித்தான். ட்ரம்பெட் பிரின்சிப்பலை எடுங்கோ. இருபத்தெட்டு வருசமா அந்தக் கதிரை. ஒண்டரை மணித்தியாலம் மற்றவை வேர்த்து விறுவிறுத்து வாசிப்பினம், அவர் மடியில கார்ப் புத்தகம் வைச்சு வாசிப்பார். கடைசியில எழும்பி நாலுதரம் பம் பம் எண்டு ஊதுவார். சனம் கை தட்டும். பகலில அவருக்கு இன்சூரன்ஸ் விக்கிற வேலை. இடைவேளையில ஒக்கெஸ்ரா முழுக்க வித்து முடிச்சு, கடைசியா இஞ்ச கீழ இறங்கி வந்தார். ஓம், எனக்கும் ஒண்டு வித்துப்போட்டார். நான் செத்தா மனிசிக்கு வருமாம்.

ஓபோ எண்டு ஒரு வாத்தியம். அந்த மனுசிதான் முதல்ல ஒரு சுருதி பிடிக்கிறது, மற்றவை எல்லாரும் அதுக்குத்தான் தங்கட சுருதியைச் சேக்கிறது. அதால அவவுக்கு ஒரு எண்ணம், தான் ஊதாட்டி ரொறன்ரோவில விடியாது எண்டு. அவவும் பக்கத்திலயிருக்கிற ஃபுளூட் பிரின்சிப்பலும் பதினொரு வருசமாக் கதைக்கிறேல்லை. ஏனெண்டு கேளுங்கோ. ஒருநாள் கொன்சேர்ட் முடிய, ஆரை முதல்ல எழும்பச் சொல்லிக் கை தட்டவிட்டது எண்டதில வந்த சண்டை. பக்கத்துப் பக்கத்தில இருந்துகொண்டு ஒண்டா மூச்செடுத்து வாசிப்பினம், முடிஞ்சவுடன ஒராள் இடப்பக்கக் கதவால, ஒராள் வலப்பக்கக் கதவால. என்ன சொல்லவேணுமெண்டாலும் பின்னுக்கிருக்கிற கிளாரினெட்காரனிட்டச் சொல்லி விடுவினம். அவன் பாவம், அவனுக்கு வயித்தில அல்சர். உங்கட அட்சயாவை இருத்த நினைக்கிற இடம் அந்த ரெண்டு பேருக்கும் நடுவிலதான்.

சரி, எப்பிடிப் பிரின்சிப்பலா வாறது? உயர்வெண்டு ஒண்டு கிடையாது. முன் கதிரைக்காரன் தும்மினாப் பின்கதிரைக்காரன் நிமிந்து பாப்பான். அவ்வளவுதான். ஒருத்தரும் இளைப்பாறுறேல்லை. செலோ வாசிக்கிற பிரின்சிப்பலுக்குக் காது கேக்காம நாலு வருசம். அவருக்கும் தெரியும், பக்கத்தில இருந்து நோட்ஸ் ஒற்றை புரட்டுற பெடியனுக்கும் தெரியும். அந்தப் பெடியனுக்கு இப்ப நாப்பத்தாறு வயசு. இன்னும் ஒற்றைதான் புரட்டுறான்.

உயிரோட கதிரையை விட்டது ஒராள்தான், கஜனிக்கு முதல் வியோலாவில இருந்தவன். அலெக்ஸாண்டர் எண்டு, ரஷ்யாக்காரன். என்னமா வாசிப்பான் தெரியுமோ? கூட்டிக்கொண்டிருக்கிற தடியை அப்பிடியே விட்டிட்டு நிண்டு கேட்டிருக்கிறன். எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது, ஆனா நிண்டனான். ஒருநாள் இந்தக் கதிரையில, நீங்கள் இருக்கிற இந்தக் கதிரையில வந்து இருந்து, ஷான், நான் போறன் எண்டான். சண்முகலிங்கம் அவன்ர வாயில வராது. எங்கயெண்டு கேட்டா, பஸ் ஓட்டவாம். பென்சன் இருக்காம், பல்லுக்குக் காசு குடுப்பாங்களாம். இப்ப மல்வேர்ன் பக்கம்தான் ஓடுறான். என்னைக் கண்டாக் கை காட்டுவான். அந்த முகத்தில இருக்கிற சிரிப்பை ஒக்கெஸ்ராவில நான் ஒருநாளும் கண்டதில்லை.

அந்தக் கண்டறியாத கதிரைக்குத்தான் என்ர மகள் போட்டி போட்டவள். ஓம், பாமசிதான், மருந்துப் படிப்புத்தான் படிச்சவள். ரெண்டாம் வருசத்தோட விட்டிட்டாள். தவமணி, என்ர மனிசி, கோயிலில இண்டைக்கும் மகள் பாமசி எண்டுதான் சொல்லுறா. நீங்கள் கேட்டதும் அதுதானே? பாத்தியளோ. வியோலா அவள் பள்ளிக்கூடத்தில பழகினது. சும்மா பழகட்டும், யூனிவேசிற்றிப் போமில எழுத நல்லாயிருக்கும் எண்டுதான் நானும் விட்டனான். எங்கட சனம் முழுக்க அதுக்குத்தானே பழக்கிறது. பிடிச்சுக்கொள்ளும் எண்டு ஆருக்குத் தெரியும்?

வீட்டில பெரிய சண்டை. தாய் மூண்டு நாள் சாப்பிடேல்லை. நான் சத்தம் போடேல்லை. பேசித் தீப்பம் எண்டு இருத்தி ஒரு ஒப்பந்தம் செய்தனான். ஒரே ஒரு ஒடிசன், பிள்ளை. வெண்டா நீ நினைச்சதைச் செய். தோத்தா வியோலாவைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு பாமசியை முடி. அவள் உடன கை நீட்டினாள். கையடிச்சுக் குடுத்தனான்.

ஒடிசன் எப்பிடி நடக்கிறது தெரியுமோ? திரைக்குப் பின்னால. கொமிற்றிக்கு ஆளின்ர முகம் தெரியக்கூடாது, பேர் தெரியக்கூடாது, நம்பர் மட்டும்தான். வாயே திறக்கேலாது. பொம்பிளையோ ஆம்பிளையோ எண்டு சப்பாத்துச் சத்தத்தில பிடிச்சிடுவினம் எண்டு கதவிலயிருந்து கதிரை வரைக்கும் கம்பளம் விரிக்கிறது. விரிக்கிறது நான். எங்கட ஆக்களெண்டாத் திரைக்கு மேலால எட்டி, பிள்ளை எவ்விடம், தகப்பன் ஆர் எண்டு கேட்டுப்போட்டுத்தான் வாசிக்கவே விடுவினம். இதுக்குள்ள நான் எப்பிடித் தம்பி ஆளைப் பிடிக்கிறது? இதைச் சொன்னா ஒருத்தரும் நம்புறேல்லை. கண்ணைச் சிமிட்டுகினம். ஒருத்தர் போன கிழமை மகன் மிருதங்கம் வாசிப்பான், சிம்பனியில ஒரு மூலையில இருத்தி விடுங்கோ அண்ணை எண்டு கேக்கிறார். முதல் நான் கதிரை அடுக்கிறவன், ஒருத்தரும் ஏனெண்டும் கேக்கிறேல்லை. இப்ப கலியாண வீடுகளில முன் வரிசையில இருத்துகினம். நான் களவு செய்திட்டன் எண்டவுடன மரியாதை வந்திட்டுது.

என்ன கேட்டனீங்கள்? நான் ஹீற்றை நிப்பாட்டினனானோ?

ம். நீங்கள் கேப்பியள் எண்டு தெரியும்.

ஓம். நான்தான்.

சிரிக்காதையுங்கோ. நீங்களும் கண்ணைச் சிமிட்டாதையுங்கோ, நீங்கள் நினைக்கிறமாதிரி இல்லை. கீழ் அறைக்குப் போற குழாயின்ர வால்வை விடிய ஆறு மணிக்கு நான்தான் பூட்டினனான். வெளியில மைனஸ் இருபத்திரண்டு. பதினொரு பேர் அந்த அறைக்குள்ள. கஜனிக்கு நம்பர் ஏழு. அவளுக்குச் சின்னனிலயிருந்து குளிர் பிடிக்காது. ஊரிலயிருந்து வந்த முதல் மாரிக் குளிரில விரல் நுனியெல்லாம் வெள்ளையாப் போய்த் தாய் தேய்ச்சுத் தேய்ச்சு விடுவா. எல்லாருக்கும் முதல் விறைக்கப்போறது என்ர பிள்ளையின்ர கைதான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சுதான் பூட்டினனான்.

அவள் தோக்கவேணும் எண்டு. விளங்குதோ தம்பி? வெல்ல இல்லை. தோக்க.

ட்ரம்பெட்காரர் மாதிரி வீடு வீடா இன்சூரன்ஸ் விக்கக்கூடாது எண்டு. ஓபோக்காரி மாதிரி பதினொரு வருசம் ஒராளோட கதைக்காமல் இருந்து கிழவியாகக்கூடாது எண்டு. அவ்வளவு கெட்டிக்காரன் அலெக்ஸாண்டரே பஸ் ஓட்டப் போனவனெண்டா என்ர பிள்ளை எங்க போவாள்? ஒரு நாள் அழுவாள், பிறகு பாமசி முடிச்சு வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிப்பாள். தகப்பன் வேற எதைத்தான் நினைக்கிறது, சொல்லுங்கோ? நான் கெட்டவனில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கோ. மற்றப் பத்துப் பேருக்கும் விரல் ஓடேல்லை. ஒருத்தனுக்கு முறுக்காணி வழுக்கிக் கம்பி கழண்டு போச்சு. ஏழாம் நம்பர் வந்தாள். என்னைக் கண்டாள். கதைக்கேலாதுதானே, சும்மா ஒரு சிரிப்பு. பைக்குள்ளயிருந்து விரல் வெட்டின கையுறை ஒரு சோடி எடுத்துப் போட்டாள், போய் இருந்தாள், வாசிச்சாள். திரைக்கு அங்கால கொமிற்றி எழுதிக்கொண்டிருந்த பேனைச் சத்தம் நிண்டிட்டுது. நான் கம்பளத்தில ஒற்றைக்காலில நிண்டமாதிரி நிண்டனான்.

பின்னேரம் வந்து கட்டிப்பிடிச்சுக்கொண்டு சொன்னாள், அப்பா, எங்கட கராஜுக்குள்ள இருந்து வாசிச்சமாதிரியே இருந்தது எண்டு. எனக்கு விளங்கேல்லை. பிறகு தவமணிதான் சொன்னா. பக்கத்து வீட்டுக்காரன் சத்தமெண்டு முறைப்பாடு செய்தவுடன பிள்ளையைக் கராஜுக்க இருந்து பழகச் சொன்னது நான்தான். அங்க இருக்கிற ஹீற்றர் பழுதாப்போய் மூண்டு மாரியாம். எத்தினை தரம் உங்களிட்டச் சொன்னனான், நாளைக்குப் பாக்கிறன் நாளைக்குப் பாக்கிறன் எண்டனீங்கள் எண்டா. எழுபது கதிரையும் சூடா இருக்கோ எண்டு பாக்கிறவன், சொந்தப் பிள்ளை கோட்டும் தொப்பியும் போட்டு மூண்டு மாரி குளிருக்க நிண்டதை எட்டிப் பாக்கேல்லை. அவளுக்குக் குளிர் ஒண்டுமில்லாமல் போனது என்னால.

இதை மேல போய்ச் சொல்லட்டோ? ஆர் நம்புவினம்? மகளுக்குக் குளிர் பழக்கம், அதுதான் தகப்பன் நிப்பாட்டினவன், நல்லாத் திட்டம் போட்டிருக்கிறான் எண்டுதான் சொல்லுவினம். கதிரையும் போகும், என்ர வேலையும் போகும். அது போனாப் போகட்டும். அவளிட்ட என்னெண்டு சொல்லுறது? முந்தநாள் கொமிற்றிக்கு முன்னால எழும்பி நிண்டு சொன்னவளாம், அப்பாவைக் கேளுங்கோ, அவர் எனக்காகக்கூட ஒரு பொய் சொல்லமாட்டார் எண்டு. இந்த ஒரு வருசமாக் கொன்சேர்ட் முடிய மேடையில நிண்டு முதல்ல என்னைத்தான் தேடுறாள் தம்பி. கதவுக்குப் பின்னால தடியோட நிக்கிற என்னை. நல்லா வாசிக்கிறாள். அலெக்ஸாண்டரைவிட நல்லா வாசிக்கிறாள்.

ஸ்ஸ்... படியில ஆரோ இறங்குகினம். அவள்தான், அவளின்ர நடை. ஒண்டும் காட்டாதையுங்கோ, சும்மா இருங்கோ.

வா பிள்ளை. இவர் நவரட்ணம் அங்கிள், ரூஜிலயிருந்து வந்தவர். மகள் ஃபுளூட் வாசிக்கிறாவாம். ஓம், கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள். கூப்பிடுகினமோ? வாறன். இல்லையில்லை, எனக்கென்ன பயம்? நடந்ததைத்தானே சொல்லப்போறன். பொயிலர்தான் பிள்ளை பழுது. பின்ன வேறென்ன.