சுவிட்ச் மேல இருந்த கை

— மெதுவாடா சரவணகுமாரு. முடியை எடுக்கிறியா, தோலை உரிக்கிறியா?

— கம்பி மாதிரி இருக்குதுங்க பெரிப்பா. போன வருசம் இந்த மொகத்துல கத்தி வச்சா எடுக்க ஒண்ணுமிருக்காது. மாசத்துக்கு ஒருவாட்டி நுரையைத் தடவி அனுப்பிடுவேன். இப்ப வாரத்துல ரெண்டுவாட்டி வர்றீங்க.

— வந்தா உனக்கென்ன நோவுது? மொதல்ல கழுத்துல கட்டியிருக்கிற இந்தத் துண்டை மாத்து. ஓரமெல்லாம் கறை.

— முடிக்கு அடிக்கிற டைக் கறைங்க. துவைச்சாலும் போவல... ஆடாதீங்க, பிளேடை மாத்திக்கறேன்.

— இந்தத் தாடி எல்லாம் அந்த மாத்திரையால வந்தது.

— எந்த மாத்திரைங்க?

— திண்டிவனம் ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே. உப்பு வாரி வாரி முதுகு போயி, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கித் தின்னேன் பாரு, அதுக்கு எதிரி இது. அந்தச் சனியன் இல்லாம உப்புப் பாத்தியில எறங்க முடியாமப் போச்சு. அப்புறம் தாடி மொளைக்கிறது நின்னுச்சு. ராத்திரி பாயில... சரி, அதை விடு.

— விடுங்க. நான் கேக்கல.

— கேட்டாத்தான் என்ன? கட்டை மாதிரி கிடந்தேன். உங்க பெரிம்மா ஒரு வார்த்தை சொல்லல. வயசாயிடுச்சுன்னு நானே முடிவு கட்டிட்டேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, வயசு இல்லய்யா, நீ தின்ன மாத்திரைதான்னுட்டாங்க.

— வலி மாத்திரைக்கும் இதுக்கும் என்னங்க?

— பாத்திக்குத் தண்ணி எறைக்க மோட்டார் இருக்குதில்ல? அது மாதிரி மண்டைக்குள்ள ஒண்ணு ஓடுதாம். அதுதான் கீழ ஆர்டர் போடுதாம், ஆம்பளைச் சத்து ஊறுன்னு. வலி மாத்திரை சுவிட்ச் மேல கைய வச்சு அமுக்கிடுச்சாம். புது மாத்திரை அந்தக் கைய கிட்ட விடாதாம்.

— நம்பிட்டீங்களா?

— நானா? எந்த டாக்டரை நம்பியிருக்கேன்? நீ பிளேடு மாத்துற பாரு, இதை நம்புறேன். உங்க பெரிம்மா சிரிக்கிறா, அதை நம்புறேன்.

— அப்புறம் மடியில என்னங்க அட்டை பளபளங்குது?

— ...பழைய மாத்திரை. உப்பு சீசன் வந்துடுச்சு, முதுகு கேக்குது. புதுசை நிறுத்திட்டு இதையே போட்டுக்கலாமான்னு...

— வேணாங்க பெரிப்பா. ஒண்ணுதானேன்னு தோணும், ஒண்ணோட நிக்காது. மறுபடி விடுறப்ப எலும்புக்குள்ள எறும்பு ஊரும். முதுகுக்கு வேற வைத்தியம் கேளுங்க.

— எறும்பு கதையை நான் உங்கிட்ட சொன்னேனா?

— யாரோ... கடைக்கு நாலு பேரு வர்றாங்க, பேசுறாங்க.

— ம். இந்தா அட்டை. ஒடைச்சு அந்த நுரைத் தண்ணியில கரைச்சிடு. உங்கிட்டயும் இருக்க வேணாம்.

— எங்கிட்ட இருந்தா என்னங்க?

— மொத நாளு ஆஸ்பத்திரி வாசலோட திரும்பிட்டேன்டா, மாத்திரைப் பழக்கத்தை விடுற வரிசையில நின்னா ஊரு சிரிக்கும்னு. முன்னாடி ஒருத்தன் தலையில துண்டைப் போட்டு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு நின்னான். அவனே நிக்கிறான், நமக்கென்னன்னு போயி பின்னாடி நின்னேன். அவன் நல்லா இருக்கணும். மூஞ்சி தெரியல... துண்டு ஓரத்துல இந்தக் கறை தெரிஞ்சுது.