மஞ்சள் கவுனுக்கு ஒரு கூப்பன்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மாலை ரயிலில், கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் மடியில் குழந்தை தூங்கும்போது எங்கே எழுந்து போவது?

போனைத் தடவிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "இன்னாடி மேரி, ஆன்லைன்ல உன் கடைக்கு ஒரு கூப்பன்கூட வர மாட்டேங்குது?"

கடைக்காரி பக்கத்திலேயே இருக்கும்போது யாராவது போனில் கூப்பன் தேடுவார்களா?

"அது இன்னா பெரிய கம்பெனி கடையா, கலா? என்னை மாதிரி ஊட்ல தைக்கிறவங்க அவங்கவங்க தைச்சத போன்ல விக்கிற ஆப்பு. கூப்பன் குடுத்தா ஆப்புக்காரனா குடுப்பான்? என் தையக்கூலில போவும்."

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குப் பொறந்தநாளு. அந்த மஞ்சக் கவுன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"என்கிட்ட கேக்கறதுக்கு இன்னா?"

"உன்கிட்ட எப்படிடி பேரம் பேசறது? கூப்பன்னா வெக்கம் இல்ல."

சட்டென்று கலாவின் முகம் மாறியது. "ஐயோ, தீந்துபோச்சுன்னு காட்டுது! ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

"காட்டும். காலைல நான்தான் கடைலேந்து எடுத்துட்டேன். பத்து நாளா சாப்பாட்டு நேரத்துல நீ அதையே தொறந்து பாத்துக்கினு இருந்தது எனக்குத் தெரியாதா?"

மேரி சாப்பாட்டுப் பையிலிருந்து மஞ்சள் கவுனை எடுத்து அவள் மடியில் வைத்தாள். கலா அதன் ஓரத்தைத் தடவியபடி மெதுவாகக் கேட்டாள்: "எவ்ளோடி?"

"அதே வெலதான். டெலிவரி மட்டும் ஃப்ரீ."