செத்தவர் பேசக் கூடாதாம்

...இல்ல, நீங்களே சொல்லுங்க மேக்கப்காரரே, ஜனம் சிரிக்கற கதையா இது? கொலைக் கதை. கட்டின பொண்டாட்டியும் பெத்த புள்ளையும் சேர்ந்து அப்பனுக்கு டீயில விஷம் வைக்கறாங்க. எழுதினது நான். அப்பன் வேஷமும் நான். பொண்டாட்டியா நடிக்கறது என் பொண்டாட்டி, புள்ளையா நடிக்கறது என் புள்ள. வெளியாளே வேணாம்னு குடும்பத்தையே மேடையேத்தினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

கண்ணுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் கறுப்பு வைங்க. செத்து அரை மணி ஆச்சில்ல.

அந்தப் பய இருக்கானே... நான் இங்க உசிரை விட்டுக்கிட்டிருக்கேன், அவன் மீதி டீயை எடுத்துக் குடிக்கறான். விஷம்டா அது! கேட்டா, தொண்டை வறண்டு போச்சாம். சரி, தொலையட்டும். நானும் செத்துட்டேன், சோபாவுல கிடக்கேன். இவ வர்றா. என் தலைமாட்டுல உக்காந்து, "முப்பது வருஷமா உங்களுக்குப் பயந்தே வாழ்ந்தேன்"னு அழணும். அதுக்குன்னு ரெண்டு மாசமா அடுப்படியில நின்னு பாடம் பண்ணினா. வந்தவ என்ன சொல்றா? "இருபது வருஷமா"ங்கறா. மீதி பத்து வருஷம் எங்க போச்சு?

நீங்களா இருந்தா சும்மா கிடப்பீங்களா? கண்ணைக்கூடத் தொறக்கல நான். மெதுவா, "முப்பது"ன்னேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டுடுச்சு. என் குரல் அப்படி, என்ன பண்றது?

அப்புறம் தலையணையை எடுத்து என் மூஞ்சியில வெச்சு அமுக்கினா பாருங்க... அது நான் எழுதவே இல்ல. கைத்தட்டல்ல அரங்கமே அதிர்ந்துச்சு. நான் எழுதின எதுக்கும் அப்படித் தட்டினதில்ல.

இப்ப இடைவேளையில வந்து சொல்றா, "இன்னொரு தடவை பொணம் வாயைத் தொறந்தா, இப்படியே இறங்கி எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்"னு. வெளையாட்டில்லீங்க. பெட்டியைக் கட்டித் திரைக்குப் பின்னாலயே வெச்சிருக்கா.

தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. வீட்டுலயும் இதே கதைதான். அவ தபால்காரர்கிட்ட பேசினாக்கூட நடுவுல பூந்து திருத்துவேன். நல்லாத்தான் நடிக்கறா. நான்தான் ஒரு நாளும் சொன்னதில்ல. அவ போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன்?

என்னது, மீசை ஒட்டற பசையா? எனக்குச் சொந்த மீசை இருக்கேங்க. உதட்டுல எதுக்கு... ஓ. அவ சொல்லி அனுப்பினாளா?

சரி, தடவுங்க. நல்லாவே தடவுங்க. அவகிட்ட மட்டும் போய்ச் சொல்லிடுங்க, தலையணை வெச்சு அமுக்கினது பிரமாதம்னு. என்ன, ரெண்டு கையாலயும் அமுக்கியிருந்தா இன்னும்... ம்ம்... ம்.